மாநிலப் பெருநகரப் பகுதியின் மெய் வருமானம்: ஓர் அட்டவணையில் எழுந்த ஐயங்கள்

ஏட்டுச்சுவடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மைத்துனருக்கு இரண்டு இடங்களிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது. ஒன்று டெக்சஸ் மாநிலத்து டாலஸ், மற்றொன்று கலிபோர்னியாவின் சான் ஹோசே. இரண்டு சம்பளத்துக்கும் இடையே கணிசமான வித்தியாசம் இருப்பதால், விலைவாசியையும் சேர்த்துப் பார்த்து ஓர் அட்டவணை போட்டுத் தரும்படி கேட்டார். கணக்குப் பதிவேடுகளோடு முப்பது ஆண்டு பழகியவன் என்பதால் எளிதாக முடித்துவிடலாம் என்று ஒப்புக்கொண்டேன். இப்போது மாட்டிக்கொண்டு விழிக்கிறேன்.

அமெரிக்க வணிகத் துறையின் கீழுள்ள பொருளாதாரப் பகுப்பாய்வுப் பணியகம், ஒவ்வொரு மாநிலத்தின் பெருநகரப் பகுதிக்கும் பணவீக்கத்தை நீக்கிய தனிநபர் வருமானத்தை, அதாவது மெய் வருமானத்தை, ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அந்த வரிசையைத்தான் எடுத்தேன். அதில் எனக்கு மூன்று ஐயங்கள். முதலாவது, 2020-இலும் 2021-இலும் செங்குத்தாக ஏறிய கோடு 2022-இல் சரிகிறது. அந்த ஆண்டில் வேலைவாய்ப்பு நன்றாக இருந்ததாகத்தான் எனக்கு நினைவு. இரண்டாவது, சில ஆண்டுகளுக்கு முன் நான் சேமித்து வைத்திருந்த கோப்பின் அடியில் புதிய ஆண்டுகளை ஒட்டியபோது, ஒட்டிய இடத்தில் எண் திடீரென்று மேலே தாவுகிறது. மூன்றாவதுதான் பெரிய குழப்பம். பணவீக்கம் நீக்காத அன்றைய டாலரில் பார்த்தால் கலிபோர்னியா டெக்சஸைவிட மிகவும் மேலே நிற்கிறது. மெய் வருமானத்தில் அந்த இடைவெளி பாதிக்கும் கீழே சுருங்கிவிடுகிறது. நான் விலைவாசி வேறுபாட்டையும் கழித்த பிறகோ கலிபோர்னியா டெக்சஸுக்குக் கீழேயே போய்விடுகிறது. இதைப் பார்த்த மைத்துனர், "அப்படியானால் டாலஸ்தான்" என்று முடிவெடுக்கும் நிலையில் இருக்கிறார். என் கணக்கு சரிதானா என்று விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

தராசுமுள் எழுதியது:

ஏட்டுச்சுவடி ஐயா, மைத்துனரை இரண்டு நாள் பொறுக்கச் சொல்லுங்கள். உங்கள் மூன்று ஐயங்களுக்கும் மூன்று வெவ்வேறு காரணங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று உங்கள் கையால் நேர்ந்தது. அந்த எண் எப்படி உருவாகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

வகுபடும் எண், அந்தப் பகுதியில் குடியிருப்பவர்கள் ஓராண்டில் பெற்ற மொத்த வருமானம். கூலியும் சம்பளமும், ஊழியருக்காக முதலாளி செலுத்தும் ஓய்வூதிய, காப்பீட்டுப் பங்குகளும், சொந்தத் தொழில் செய்பவர்களின் ஆதாயமும், வட்டி, பங்காதாயம், வாடகை வரவும், அரசிடமிருந்து வரும் சமூகப் பாதுகாப்புத் தொகை போன்றவையும் இதில் சேரும். அரசின் சமூகக் காப்பீட்டுக்குச் செலுத்தப்படும் சந்தா மட்டும் கழிக்கப்படும். வருமான வரி கழிக்கப்படாது. வேலை செய்யும் இடத்தை வைத்து இது கணக்கிடப்படுவதில்லை, குடியிருக்கும் இடமே கணக்கு. நியூ ஜெர்சியில் வீடு வைத்துக்கொண்டு மன்ஹாட்டனில் வேலை பார்ப்பவரின் சம்பளம் நியூ ஜெர்சிக் கணக்கில்தான் வரும். அவருடைய உழைப்பின் பயன் மொத்த உற்பத்தியாக நியூயார்க் கணக்கில் ஏறும்.

வகுக்கும் எண், மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பணியகம் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை முதல் நாளை வைத்து மதிப்பிடும் மக்கள்தொகை. தொட்டில் குழந்தையும், கல்லூரி விடுதி மாணவரும், சிறைக் கைதியும் இதில் அடக்கம். டெக்சஸின் காலேஜ் ஸ்டேஷன் போன்ற பல்கலைக்கழக ஊர்களில் தலைக்கு வருமானம் ஊரின் செழிப்புக்குப் பொருந்தாமல் தாழ்ந்து தெரிவதற்கு இதுவே பெரிய காரணம்.

இனி, மெய் வருமானம் என்பதற்கு வருவோம். இங்கே இரண்டு திருத்தங்கள் ஒரே நேரத்தில் செய்யப்படுகின்றன. காலத்தால் வரும் விலையேற்றத்தைத் தனிநபர் நுகர்வுச் செலவு விலைக் குறியீடு நீக்குகிறது. இடத்தால் வரும் விலை வேறுபாட்டை வட்டார விலை ஒப்பீட்டெண் நீக்குகிறது. இந்த ஒப்பீட்டெண்ணில் எந்த ஆண்டானாலும் நாட்டின் சராசரி 100 என்றே வைக்கப்படும். 2022-இல் கலிபோர்னியாவுக்கு இது 112-ஐ ஒட்டியிருந்தது, டெக்சஸுக்கு ஏறத்தாழ 97, ஆர்கன்சா, மிசிசிப்பி மாநிலங்களுக்கு 87-இன் அருகே. இப்போது உங்களிடம் ஒரே ஒரு கேள்வி: "விலைவாசி வேறுபாட்டையும் கழித்த பிறகு" என்று எழுதியிருக்கிறீர்களே, எதை எதால் வகுத்தீர்கள்?

வடலி எழுதியது:

பொருளுக்குள் போவதற்கு முன் சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. இது இலக்கணச் சண்டை அன்று, இந்தத் தலைப்பில் பாதிக் குழப்பம் தமிழ்ச் சொல்லிலிருந்தே வருகிறது.

தமிழ்நாட்டு நாளிதழ்கள் "தனிநபர் வருமானம்" என்று எழுதும்போது, மொத்த வருமானத்தைத் தலைகளால் வகுத்து வரும் எண்ணைக் குறிக்கின்றன. ஆனால் மேலே சொல்லப்பட்ட வரிசையில் "தனிநபர்" என்பது நிறுவனங்களும் அரசும் நீங்கலாகக் குடிமக்களுக்கு வந்து சேரும் வருமானத்தைக் குறிக்கும்; தலைகளால் வகுப்பது அதற்கடுத்த தனி வேலை. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்தினால், ஒரு மாநிலத்தின் மொத்த உற்பத்தியைத் தலைகளால் வகுத்த எண்ணும், அங்குள்ள மக்களின் வருமானத்தைத் தலைகளால் வகுத்த எண்ணும் ஒன்றென்று வாசகர் எண்ணிவிடுவார். இலங்கைப் பாடநூல்களில் நாங்கள் படித்த "தலா வருமானம்" என்ற சொல் இங்கே கைகொடுக்கும். "குடிமக்கள் வருமானம்", "தலா குடிமக்கள் வருமானம்" என்று பிரித்துக்கொள்ளலாம். விலையேற்றத்தை நீக்கிய மதிப்பை நாங்கள் "மெய்" என்போம், தமிழகப் பாடநூல்கள் "உண்மை வருமானம்" என்கின்றன. "உண்மை" என்றவுடன் மற்றது பொய் என்ற தோற்றம் வருவதால் எனக்கு "மெய்"யே உவப்பு. (இரண்டும் ஒரே பொருள்தானே என்று யாரும் கேட்பதற்கு முன் நானே ஒப்புக்கொள்கிறேன்.)

ஏட்டுச்சுவடி எழுதியது:

வடலி அவர்களுக்கு நன்றி. என் அட்டவணையின் தலைப்பில் "தனிநபர்" என்றுதான் இருக்கிறது, மாற்றுகிறேன்.

தராசுமுள் அவர்களே, உங்கள் கேள்வியைப் படித்ததும் வயிற்றில் புளி கரைத்தது. பணியகத்தின் மெய் வருமான எண்ணை எடுத்து, கலிபோர்னியாவை 1.12-ஆலும் டெக்சஸை 0.97-ஆலும் வகுத்தேன். பணவீக்கம் மட்டுமே நீக்கப்பட்டிருக்கிறது, இட வேறுபாட்டை நான்தான் நீக்க வேண்டும் என்று நினைத்துவிட்டேன்.

தராசுமுள் எழுதியது:

அதுதான் நடந்திருக்கிறது. ஏற்கெனவே இறக்கிய சுமையை மறுபடியும் இறக்கியிருக்கிறீர்கள். வேறெங்கும் "மெய்" என்றால் காலத் திருத்தம் மட்டும்தான். இந்த வட்டார வரிசையில் இடத் திருத்தமும் அதற்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் மட்டும் இதில் சறுக்கவில்லை, ஆய்வுக் கட்டுரைகளிலேயே இந்தப் பிழையைப் பார்த்திருக்கிறேன்.

கணக்கு எளிதாக வருவதற்காக நானே இரண்டு எண்களைக் கற்பனை செய்கிறேன். ஒரு மாநிலத்தின் பெருநகரப் பகுதியில் தலைக்கு 66,000 டாலர், விலை ஒப்பீட்டெண் 110. மற்றொன்றில் 54,000 டாலர், ஒப்பீட்டெண் 90. அடிப்படை ஆண்டிலிருந்து நாடு முழுவதும் விலைகள் 20 சதவீதம் ஏறியிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் மாநிலத்துக்கு வகுக்கும் எண் 1.10 பெருக்கல் 1.20, அதாவது 1.32, விடை 50,000. இரண்டாவதற்கு 0.90 பெருக்கல் 1.20, அதாவது 1.08, விடை அங்கும் 50,000. அன்றைய டாலரில் 12,000 வித்தியாசமிருந்த இரண்டு இடங்களும் வாங்கும் சக்தியில் சமமாகிவிட்டன. இதன் மேல் நீங்கள் மறுபடியும் 1.10-ஆலும் 0.90-ஆலும் வகுத்தால் முதலாவது 45,455-க்கு இறங்கும், இரண்டாவது 55,556-க்கு ஏறும். இல்லாத இடைவெளி ஒன்று முளைத்துவிடும், அதுவும் தலைகீழாக.

கோப்பை ஒட்டிய இடத்தில் எண் தாவியதற்கும் விடை இதை ஒட்டியதுதான். இந்த வரிசை அதிகாரபூர்வமான புள்ளிவிவரமாக முதலில் வந்தது 2014-இல். தரவு 2008-இலிருந்து தொடங்கியது. தொடக்கத்தில் பழைய ஆண்டொன்றின் டாலரில், அதாவது அந்த ஆண்டின் விலைகளை அடிப்படையாக வைத்துத் தந்தார்கள், பின்னர் 2012 டாலருக்கும், 2023-இல் செய்த பெருந்திருத்தத்துக்குப் பிறகு 2017 டாலருக்கும் மாறினார்கள். 2012-க்கும் 2017-க்கும் இடையே விலைகள் ஏறத்தாழ 6 சதவீதம் ஏறியிருந்தன. உங்கள் பழைய கோப்பு 2012 டாலரில் இருந்திருக்கும், ஒட்டியது 2017 டாலரில் இருந்திருக்கும். பழைய கோப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு முழு வரிசையையும் புதிதாக இறக்கிக்கொள்ளுங்கள். பெருக்கித் திருத்த முயல வேண்டாம், ஏனென்றால் அடிப்படை ஆண்டு மாறும்போது அடியில் கிடக்கும் வருமான மதிப்பீடுகளும் திருத்தப்பட்டிருக்கும்.

மணற்கடிகை எழுதியது:

கணக்குப் பிழை திருத்தப்பட்டது மகிழ்ச்சிதான். ஆனால் பிழையில்லாமல் எடுத்தாலும் இந்த எண் ஒரு மனிதருக்கு என்ன சொல்லும் என்பதே என் கேள்வி.

இது கூட்டுச் சராசரி. பத்துப் பேர் இருக்கும் அறைக்குள் ஒரு பெருஞ்செல்வர் நுழைந்தால் அத்தனை பேருடைய "வருமானமும்" ஏறிவிடுகிற வகை. வயோமிங் மாநிலத்தின் டீட்டன் கவுண்டி (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற பிரிவு), தலைக்கு வருமானத்தில் நாட்டிலேயே முதலிடத்தில் இருப்பது. பனிச்சறுக்குக்குப் பேர்பெற்ற மலையடிவாரத்தில், மாநில வருமான வரி இல்லாத ஊரில், வட்டியிலும் பங்காதாயத்திலும் வாழும் செல்வந்தர்கள் குடியேறியதால் வந்த முதலிடம் அது. அங்கே விடுதிகளில் பாத்திரம் கழுவுபவரின் தலைக்கும் அதே சராசரிதான் எழுதப்படுகிறது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கவுண்டி எந்தப் பெருநகரப் பகுதியிலும் சேராது. ஆகவே வயோமிங்கின் "பெருநகரம் அல்லாத பகுதி" என்ற எண்ணை அதுவே தூக்கி நிறுத்துகிறது.

அடுத்தது, எது வருமானம் என்பது. முதியோருக்கும் ஏழைகளுக்குமான மருத்துவத் திட்டங்களில் அரசு மருத்துவமனைக்குச் செலுத்தும் தொகை நோயாளியின் வருமானமாக எழுதப்படுகிறது. சொந்த வீட்டில் குடியிருப்பவர் தனக்குத்தானே வாடகை செலுத்திக்கொள்வதாகக் கருதி, செலவு போக மீதம் அவர் வருமானத்தில் சேர்க்கப்படுகிறது. ஆனால் பங்குகளை விற்று ஒருவர் கோடிக்கணக்கில் ஆதாயம் பெற்றால் அந்த மூலதன ஆதாயம் இதில் வராது. மருத்துவமனையில் படுத்திருப்பது வருமானம், பங்கை விற்றுப் பணக்காரனாவது வருமானம் அன்று என்றால், இதைச் சாதாரண மனிதருக்கு எப்படி விளக்குவது? வரிசையின் சரிநடுவில் நிற்பவரின் வருமானத்தை, அதாவது நடுமதிப்பைக் கொடுங்கள்; அதுதான் நியாயமான எண்.

தராசுமுள் எழுதியது:

மணற்கடிகை அவர்களே, சராசரியைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. வருமான வரையறையைப் பற்றிச் சொன்னதில் உண்டு. இந்தக் கணக்கு, நடப்பு ஆண்டின் உற்பத்தியிலிருந்து மக்களுக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு என்பதை நாட்டுக் கணக்குகளோடு பொருந்தும்படி அளப்பதற்காக ஏற்பட்டது. பழைய சொத்து கைமாறும்போது வரும் ஆதாயத்தில் புதிய உற்பத்தி எதுவும் இல்லை. ஆகவே அது வெளியே நிற்கிறது. மருத்துவச் சேவை உண்மையிலேயே நுகரப்பட்டது. யாரோ ஒருவர் அதற்குப் பணம் கொடுத்தார். ஆகவே அது உள்ளே நிற்கிறது. உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம், ஆனால் முரண்பாடு இல்லை.

நடுமதிப்பு வேண்டுமென்றால் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பணியகத்தின் அமெரிக்கச் சமூக ஆய்வில் குடும்ப வருமானத்தின் நடுமதிப்பு கிடைக்கும். அது குடும்பத்துக்கானது, தலைக்கானது அன்று. மக்கள் தாமே சொல்லும் ரொக்க வருமானம். முதலாளி செலுத்தும் காப்பீட்டுப் பங்கு அதில் இல்லை. ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாகாது.

ஏட்டுச்சுவடி ஐயாவின் முதல் ஐயத்துக்கு விடையும் இந்த வரையறைக்குள்தான் ஒளிந்திருக்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் மூன்று முறை மக்களுக்கு நேரடியாகப் பணம் அனுப்பப்பட்டது. முதல் முறை பெரியவருக்கு 1,200 டாலர், குழந்தைக்கு 500. இரண்டாவது முறை தலைக்கு 600. மூன்றாவது முறை தலைக்கு 1,400. தாய், தந்தை, இரண்டு குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு முழுத் தகுதி இருந்தால் 2020-இல் 3,400 டாலர். இரண்டாவது தொகை 2020 டிசம்பர் சட்டத்தால் வந்தாலும் பெரும்பாலும் 2021 ஜனவரியில்தான் கைக்கு வந்தது. அதையும் மூன்றாவதையும் சேர்த்தால் 2021-இல் 8,000 டாலர், அதாவது தலைக்கு 2,000. இதற்கு மேல் வேலையிழந்தோருக்கு 2020 கோடையில் வாரம் 600 டாலர் கூடுதல் உதவி, 2021-இன் பிற்பாதியில் குழந்தைகளுக்கான மாதாந்திர வரிச்சலுகை முன்பணம். இவ்வளவும் தலா வருமானத்தில் ஏறியது. 2022-இல் இவை நின்றன. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் நுகர்வோர் விலைக் குறியீடு முந்தைய ஆண்டைவிட 9.1 சதவீதம் உயர்ந்து நின்றது. சம்பளங்கள் ஏறின, ஆனால் நின்றுபோன உதவித் தொகையையும் விலையேற்றத்தையும் அந்த ஏற்றத்தால் ஈடுகட்ட முடியவில்லை. வேலை நன்றாக இருந்த ஆண்டில் மெய் வருமானம் சரிந்தது இப்படித்தான்.

ஆகவே 2021-ஐ அடிப்படையாக வைத்து "அதற்குப் பிறகு மக்கள் ஏழையானார்கள்" என்று யாராவது வரைபடம் போட்டால், அந்த வரைபடத்தை 2019-இலிருந்து மறுபடி போடச் சொல்லுங்கள்.

சிற்றூரான் எழுதியது:

இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். எல்லோரும் வருமானத்தைப் பற்றியும் விலையைப் பற்றியும் பேசுகிறீர்கள். "பெருநகரப் பகுதி" என்ற சொல்லை யாரும் தொடவில்லை. எனக்கு அதில்தான் அக்கறை, ஏனென்றால் நான் இருக்கும் இடம் ஒரு பெருநகரப் பகுதி என்று அரசாங்கம் சொல்கிறது.

கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ கவுண்டியின் பாலைவனப் பக்கத்தில் சில ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். இந்தக் கவுண்டியின் பரப்பு 20,000 சதுர மைல். அலாஸ்காவை விட்டுவிட்டால் நாட்டிலேயே மிகப் பெரிய கவுண்டி. பெரும்பகுதி மொஹாவி பாலைவனம். கிழக்கு எல்லையில் கொலராடோ ஆற்றங்கரையில் உள்ள நீடில்ஸ் என்ற சிற்றூரிலிருந்து சான் பெர்னார்டினோ நகரத்துக்கு 200 மைலுக்கு மேல் காரில் போக வேண்டும்; நடுவில் மணலும் கள்ளிச்செடியும் ரயில் பாதையும்தான். ஆனால் ரிவர்சைடு–சான் பெர்னார்டினோ–ஒன்டேரியோ பெருநகரப் புள்ளியியல் பகுதிக்குள் நீடில்ஸும் அடக்கம், என் வீட்டுக்குப் பின்னால் உலவும் கயோட்டி நரிக் கூட்டமும் அடக்கம்.

காரணம் இதுதான். வெள்ளை மாளிகையின் மேலாண்மை, வரவுசெலவு அலுவலகம் இந்தப் பகுதிகளை முழு முழுக் கவுண்டிகளாக வரையறுக்கிறது. குறைந்தது 50,000 பேர் வாழும் நகர்ப்பகுதி ஒன்று இருந்தால் அது அமைந்த கவுண்டி மையமாகும். அங்கே வேலைக்குப் போய்வருவோர் 25 சதவீதத்தை எட்டினால் பக்கத்துக் கவுண்டியும் சேரும். கவுண்டியை வெட்டிப் பாதி சேர்ப்பது கிடையாது. கிழக்கே கவுண்டிகள் சிறியவை என்பதால் இது பெரிதாக உறுத்தாது. மேற்கே ஒரு கவுண்டி ஒரு நாடு அளவுக்குக் கிடக்கிறது.

"நகர்ப்புறம்" என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொல்வது வேறு. அது வீடுகளின் நெருக்கத்தைத் தெருத் தெருவாகப் பார்த்து வரைவது. 2020 கணக்கெடுப்பில் 5,000 பேர் அல்லது 2,000 வீடுகள் இருந்தாலே போதும். அந்தக் கணக்குப்படி நாட்டு மக்களில் 80 சதவீதத்தினர் நகர்ப்புறவாசிகள். பெருநகரப் புள்ளியியல் பகுதிகளில் வாழ்வோர் அதைவிடக் கூடுதல். ஆகவே இந்த வரிசையை "நகர்ப்புற வருமானம்" என்று மொழிபெயர்ப்பது என்னைப் போன்ற பாலைவனத்தானை நகரத்தானாக்குவது.

வடலி எழுதியது:

சிற்றூரான் அவர்களின் பதிவு இந்த இழையின் மிகப் பயனுள்ள பதிவு என்பேன். அதோடு இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன்.

பெருநகரப் பகுதிகள் மாநில எல்லையை மதிப்பதில்லை. கேன்சஸ் சிட்டி மிசௌரியிலும் கேன்சஸிலும் பரவியிருக்கிறது. வாஷிங்டன் பகுதி தலைநகரையும் மேரிலாந்து, வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா மாநிலங்களையும் தொட்டு நிற்கிறது. மாநிலத்தின் "பெருநகரப் பகுதி" என்று தொகுக்கும்போது எல்லைக்கு இப்பால் உள்ள கவுண்டிகளை மட்டும் எடுத்துச் சேர்க்கிறார்கள். நியூ ஜெர்சியின் 21 கவுண்டிகளும் ஏதோ ஒரு பெருநகரப் பகுதிக்குள் வந்துவிடுவதால் அங்கே பெருநகரப் பகுதியும் மாநிலமும் ஒன்றே. ரோட் ஐலண்டும் அப்படியே.

இரண்டாவது, எல்லைகள் நிலையாக இருப்பதில்லை. 2020 கணக்கெடுப்பை வைத்து 2023 ஜூலையில் புதிய வரையறை வந்தது. பொருளாதாரப் பகுப்பாய்வுப் பணியகம் இன்றைய எல்லையையே பழைய ஆண்டுகளுக்கும் பொருத்தித் தருவதால் வரிசைக்குள் உடைப்பு தெரியாது. ஆனால் வளர்ந்த கவுண்டிகள் பெருநகர வரிசைக்கு ஏறிவிடுவதும் தேய்ந்தவை கீழே நிற்பதும் இந்த முறையில் தானாகவே நடக்கிறது. அதனால் பெருநகரத்தையும் பெருநகரம் அல்லாததையும் நீண்ட காலத்துக்கு ஒப்பிடுபவர், வகுப்பில் தேறியவர்களை மட்டும் ஒரு பக்கம் உட்கார வைத்துவிட்டு அந்தப் பக்கம் நன்றாகப் படிக்கிறது என்று வியப்பவர் போலாகிவிடுவார். ஏட்டுச்சுவடி ஐயாவின் தேவைக்கு இது முக்கியம் அன்று, ஆனால் எங்காவது பதிந்து வைக்க வேண்டும் என்று தோன்றியது.

ஏட்டுச்சுவடி எழுதியது:

பெரியோர்களே, என் சிறு அட்டவணை இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சிற்றூரான் அவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு டெக்சஸின் பெருநகரப் பகுதியில் என்னென்ன ஊர்கள் அடங்கும் என்று பட்டியலைத் திறந்து பார்த்தேன். எண்ணெய் வயலின் நடுவே உட்கார்ந்திருக்கும் மிட்லண்ட், தலா வருமானத்தில் நாட்டின் உச்சிப் பெருநகரப் பகுதிகளில் ஒன்று. மெக்சிக்கோ எல்லையோரத்து மெக்ஆலன்–எடின்பர்க்–மிஷன், நாட்டின் கடைசி வரிசையில் நிற்கும் பகுதிகளில் ஒன்று. இரண்டும் ஒரே மூட்டைக்குள். டாலஸும் ஹூஸ்டனும் ஆஸ்டினும் அதே மூட்டையில்தான். மெக்ஆலனில் வாடகை குறைவு என்பதற்காக டாலஸில் குடியேறப் போகும் என் மைத்துனருக்கு நான் தள்ளுபடி கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கலிபோர்னியாவிலும் அதே கதைதான். சான் ஹோசேயையும் ஃபிரெஸ்னோவையும் கூட்டி எடுத்த சராசரியில் சான் ஹோசேயின் வாடகை எங்கே தெரியப் போகிறது? பணியகம் ஒவ்வொரு பெருநகரப் பகுதிக்கும் தனித்தனியாக மெய் வருமானமும் விலை ஒப்பீட்டெண்ணும் தருகிறது என்று இப்போதுதான் கண்டுகொண்டேன். இனி மாநில வரிசையை விட்டுவிட்டு டாலஸ் பகுதியையும் சான் ஹோசே பகுதியையும் மட்டும் எடுக்கப் போகிறேன். அவருடைய சொந்தச் சம்பளம் கையில் இருக்கும்போது அந்த ஊர்க்காரர்களின் சராசரி வருமானம் எனக்கு எதற்கு என்ற கேள்வியும் சற்று முன்புதான் உறைத்தது. விலை ஒப்பீட்டெண் மட்டும் போதும் அல்லவா?

தராசுமுள் எழுதியது:

போதும். அழைப்புக் கடிதத்தில் உள்ள சம்பளத்தை அந்தந்த ஊரின் ஒப்பீட்டெண்ணால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். ஒரே ஆண்டில் இரண்டு ஊர்களை ஒப்பிடுவதால் பணவீக்கக் குறியீடே தேவையில்லை.

மணற்கடிகை எழுதியது:

அவ்வளவு எளிதாக விட்டுவிட முடியாது. அந்த ஒப்பீட்டெண்ணில் சரக்குகளின் விலை ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. வித்தியாசத்தின் பெரும்பங்கு வீட்டு வாடகையிலிருந்து வருகிறது. சரக்கு, சேவைகளின் விலை விவரம் தொழிலாளர் புள்ளியியல் பணியகம் பல நகர்ப்புறப் பகுதிகளில் நுகர்வோர் விலைக் குறியீட்டுக்காகச் சேகரிப்பது. வாடகை விவரம் அமெரிக்கச் சமூக ஆய்விலிருந்து வருகிறது. அந்த ஆய்வு, ஏற்கெனவே குடியிருப்பவர்கள் கொடுக்கும் வாடகையைக் கேட்கிறது. பத்து ஆண்டாக ஒரே வீட்டில் இருப்பவரின் பழைய வாடகையும் அதில் கலந்திருக்கும். நாளைக்குப் போய் இறங்கும் மைத்துனருக்கு அந்த வாடகையில் யாரும் வீடு கொடுக்க மாட்டார்கள். ஏற்றம் வேகமாக இருந்த ஊரில் இந்த இடைவெளி மிகவும் பெரிது.

வீடு வாங்குவதாக இருந்தால் நிலைமை இன்னும் கோணலாகும். ஒப்பீட்டெண் சொந்த வீட்டுச் செலவையும் வாடகையை வைத்தே மதிப்பிடுகிறது. கலிபோர்னியாவில் 1978-இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 13-ஆம் முன்மொழிவின்படி, வீட்டின் வரிமதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. வீடு கைமாறும்போதுதான் சந்தை விலைக்குத் திருத்தப்படும். பழைய குடிக்கு அது வரப்பிரசாதம், புதிதாக வாங்குபவருக்கு முழுச் சுமை.

வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தலா வருமானம் வரிக்கு முந்தைய எண் என்று தராசுமுள் அவர்களே முதலில் எழுதினார். விற்பனை வரி விலைக்குள் அடங்கிவிடும். வருமான வரி எந்த விலைக் குறியீட்டிலும் அடங்காது. டெக்சஸில் மாநில வருமான வரி இல்லை. கலிபோர்னியாவில் படிப்படியாக ஏறும் விகிதங்கள், உச்சத்தில் 13.3 சதவீதம். டெக்சஸ் அதை வீட்டுச் சொத்து வரியில் ஓரளவு வாங்கிக்கொள்கிறது. இதையெல்லாம் தனியாக எழுதிக் கழிக்காமல் ஒப்பீட்டெண்ணால் மட்டும் வகுத்தால் அட்டவணை பாதிதான் முடிந்திருக்கும்.

தராசுமுள் எழுதியது:

இதை முழுவதும் ஏற்கிறேன். வரிக்குப் பிந்தைய வருமானத்தைப் பொருளாதாரப் பகுப்பாய்வுப் பணியகம் மாநில அளவில் தருகிறது, ஆனால் அதுவும் சராசரிதான். மைத்துனரின் வரியை அவருடைய சம்பளத்தை வைத்தே போட வேண்டும்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

திருத்திய அட்டவணை முடிந்தது. மாநில வரிசை முழுவதையும் நீக்கிவிட்டேன். மீதி இருப்பவை நான்கு இனங்கள்: அழைப்புக் கடிதத்துச் சம்பளம், அதிலிருந்து மத்திய, மாநில வருமான வரி கழித்த தொகை, இன்றைக்குக் காலியாக இருக்கும் இரண்டு அறை வீடுகளுக்குக் கேட்கப்படும் வாடகை, வாடகை போக மீந்த தொகையை அந்தந்த ஊரின் வாடகை அல்லாத விலைகளுக்கான ஒப்பீட்டெண்ணால் வகுத்த எண். கலிபோர்னியா மீண்டும் மேலே வந்துவிட்டது, ஆனால் நான் முதலில் பயந்த அளவுக்கும் இல்லை, மைத்துனர் ஆசைப்பட்ட அளவுக்கும் இல்லை. அவரிடம் நேற்றிரவு அனுப்பினேன். "முன்பு அனுப்பியதில் டாலஸ் மேலே இருந்ததே, அதற்குள் அங்கே விலைவாசி ஏறிவிட்டதா?" என்று கேட்டிருக்கிறார். இரண்டு முறை வகுத்த கதையை அவருக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வடலி எழுதியது:

சொல்லும்போது தலைப்பையும் பாருங்கள், ஐயா. நீங்கள் இங்கே இணைத்திருக்கும் படத்தில் இன்னமும் "தனிநபர் வருமானம்" என்றே இருக்கிறது.